தொந்தி கரைய வீடே போதும்

சுரங்கத்தில் இறங்கி உழைத்த நம் பெரியவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவைப்படவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம்மவர் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் உட்கார்ந்து வேலை பார்த்து, இரவில் திரும்புகிறார்கள். உழைப்பு குறைந்தது, சாப்பாடு குறையவில்லை. மிச்சம் வயிற்றில் சேருகிறது.

முதலில் தொப்புளையொட்டி டேப் வைத்து அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தான் எல்லை. தாண்டினால் சர்க்கரையும் இருதய நோயும் வரும் வாய்ப்பு கூடும்.

படுத்து எழும் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும். அங்குள்ள கொழுப்பை மட்டும் தனியே கரைக்காது. கொழுப்பு உடல் முழுவதிலுமிருந்துதான் செலவாகும். ஆகவே வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் கை ஊன்றித் தண்டால் 10 தடவை செய்யலாம். இரவில் சோற்றைக் குறைத்துக் கீரை, காய் கூட்டுங்கள். கேழ்வரகுக் களியானாலும் ஓர் உருண்டை போதும்.

ஓய்வு பெற்றபோது என் இடுப்பு 101 செ.மீ. எட்டு மாதத்தில் 94 ஆயிற்று. இன்னும் நடக்கிறேன். நெஞ்சுவலி, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.