நேரில் நடந்த பாதி

"சார், கிளாஸ் ஆன்லைன்தான். ப்ராக்டிகலுக்கு மட்டும் மாசத்துல ரெண்டு நாள் நேர்ல போகணும். சர்டிபிகேட் செல்லுமா?"

வேலையில் இருந்துகொண்டே மேலே படிக்க நினைப்பவர்கள் டீக்கடையில் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி இது. செல்லும், செல்லாது என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல ஆசைதான். ஆனால் "எதற்குச் செல்ல வேண்டும்?" என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பேருக்குப் பின்னால் ஒரு பட்டம் போட்டுக்கொள்ள என்றால் ஒரு பதில். இருக்கிற வேலையில் பதவி உயர்வுக்கு என்றால் வேறு பதில். புதிதாக அரசு வேலைக்கு விண்ணப்பிக்க என்றால் இன்னொன்று.

முதலில் விளம்பரத்தைப் பார்ப்போம். அதில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 'நாக்' தரநிலை. நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் அமைப்பு; 1994இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் பெங்களூரில். கல்லூரியை, பல்கலைக்கழகத்தை முழுதாகப் பார்த்து மதிப்பெண் போடும். ஏ பிளஸ் பிளஸ் வாங்கியது அந்த நிறுவனம். நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு யாரும் அதைக் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசத்தை விளம்பரம் சொல்லாது, அட்மிஷன் கவுன்ட்டரிலும் சொல்ல மாட்டார்கள்.

தொலைநிலைப் படிப்பை நடத்த அந்த மதிப்பெண் தேவை என்பது உண்மைதான். யு.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு பல்கலைக்கழகம் இதற்கு விண்ணப்பிக்கவே நாக் மதிப்பீட்டில் 4க்கு 3.01 வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்திருக்க வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு, அதை இப்போது விடுங்கள். மதிப்பெண் இருந்தால் வாசலுக்கு வரலாம், அவ்வளவுதான். உள்ளே போக யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு படிப்புவாரியாக அனுமதி தர வேண்டும். எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு, எந்தப் பருவச் சேர்க்கை என்று அந்த அனுமதியில் இருக்கும். போன வருடம் எம்.பி.ஏ.வுக்கு வாங்கியது இந்த வருடம் எம்.எஸ்சி.க்கு உதவாது.

இந்த இரண்டும் இருந்தும் கவிழ்ந்துபோக இடமுண்டு. தொழில் சார்ந்த படிப்பு என்றால் மூன்றாவதாக ஒரு வாசல் இருக்கிறது, அந்தத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு. பொறியியலுக்கு ஏ.ஐ.சி.டி.இ., ஆசிரியர் பயிற்சிக்கு என்.சி.டி.இ., செவிலியருக்கு நர்சிங் கவுன்சில். இவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: கையால் செய்ய வேண்டியதை எங்கே செய்தாய், யார் பார்த்தார்கள்?

இதற்குப் பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்த கதை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2001 முதல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பி.டெக். நடத்தின. ராஜஸ்தானில் இரண்டு, அலகாபாத்தில் ஒன்று, நான்காவது சேலத்து விநாயகா மிஷன்ஸ். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. பாடம் வீட்டுக்கு வரும், தொடர்பு வகுப்பும் ஆய்வகமும் ஊருக்குப் பக்கத்து மையத்தில் நடக்கும் என்பதுதான் ஏற்பாடு. அன்றைக்கு இந்தத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தது தொலைநிலைக் கல்விக் கவுன்சில். அது இக்னோவின் கீழ் 1991இல் உருவானது, 2013இல் கலைக்கப்பட்டு வேலை யு.ஜி.சி.க்கு மாறியது. அந்தக் கவுன்சில் இந்தப் படிப்புகளுக்கு அனுமதி தந்தது. ஆனால் ஆட்களைச் சேர்த்து, படிப்பை நடத்திய பிறகு வந்த பின்தேதி அனுமதி அது. ஏ.ஐ.சி.டி.இ.யோ பொறியியலைத் தொலைநிலையில் நடத்துவதைக் கொள்கையாகவே ஏற்றதில்லை.

ஒடிசாவில் ஒரு பாசனக் கழகத்தில் பதவி உயர்வுக்கு இந்தப் பட்டம் செல்லுமா என்று வழக்கு வந்தது. செல்லும் என்றது ஒடிசா உயர் நீதிமன்றம். வேறொரு வழக்கில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 3 அன்று முடித்துவைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறினால் திரும்பக் கிடைக்கும், அதற்கு இரண்டே வாய்ப்பு. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பட்டம் ரத்து, கட்டிய பணம் வாபஸ். பணம் வந்தது சரி, அந்தப் பட்டத்தை வைத்து வாங்கிய பதவி? அதையும் சேர்த்தே இழந்தார்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர் பத்து, பதினைந்து வருடத்துக்கு முன் படித்ததற்கு மறுபடி ஆய்வகத் தேர்வு எழுதுகிற நிலை. அனுமதி தந்த அதிகாரிகளை விசாரிக்க சி.பி.ஐ.க்கு உத்தரவு போனது, ஆனால் முதல் அடி விழுந்தது மாணவர் தலையில்தான். இதில் எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

வீடியோ பார்த்துப் பொறியியல் கற்க முடியாதா என்று கேட்கலாம். நிறையவே கற்கலாம். ஆனால் லைசென்ஸ் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். சாலை விதிகளை எங்கே படித்தாய் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. எட்டு போடும்போது மட்டும் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று பார்த்தாக வேண்டும். தொலைவும் நேரும் கலந்த படிப்பில் சண்டை முழுக்க அந்த எட்டைப் பற்றியதுதான்.

அதற்காகக் கலப்பு முறையே சந்தேகத்துக்குரியது என்று நினைத்துவிட வேண்டாம். 2017இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பணியில் இருக்கும் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் எல்லோரும் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற வேண்டும் என்றார்கள். நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இவ்வளவு பேருக்கு எந்தக் கல்லூரியில் இடம் இருக்கிறது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை நடத்தியது. பாடம் தொலைக்காட்சியிலும் இணையத்திலும், தொடர்பு வகுப்பு படிப்பு மையத்தில், கற்பித்தல் பயிற்சி பள்ளியில். என்.சி.டி.இ. முன்கூட்டியே, 2017 செப்டம்பரில், அனுமதி தந்திருந்தது. ஏற்கெனவே வகுப்பறையில் நிற்பவர்கள் என்பதால் இரண்டாண்டுப் படிப்பு 18 மாதமாகச் சுருங்கியது.

சிக்கல் இந்தச் சுருக்கத்தில் வந்தது. முடித்தவர்கள் அதே சான்றிதழோடு புதிய வேலைக்கு விண்ணப்பித்தார்கள். 18 மாதம் இரண்டு ஆண்டுக்குச் சமமா? சமமில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தராகண்ட் வழக்கில் சொன்னது. 2024 டிசம்பரில் அதற்கு விளக்கம் தந்தது: 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியில் இருந்து, 2019 ஏப்ரல் 1க்கு முன் முடித்தவர்களுக்கு அது செல்லும். ஒரே படிப்பு, ஒரே சான்றிதழ், ஆனால் அன்றைக்கு வகுப்பறையில் நின்றவருக்கு ஒரு விடை, நிற்காதவருக்கு இன்னொன்று. நான் ஆரம்பத்தில் "எதற்கு" என்று கேட்டது இதனால்தான்.

இப்போது தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், கட்டடக் கலை, வேளாண்மை, ஓட்டல் மேனேஜ்மென்ட் எல்லாம் அதில் உண்டு. 2025இல் உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்றவையும் சேர்ந்துகொண்டன. உளவியலில் சேர நினைத்திருந்தவர்கள் பலர் திகைத்தார்கள். ஆனால் நோயாளியின் முன்னால் உட்கார வேண்டிய வேலைகளை ஒழுங்குபடுத்த 2021இலேயே சுகாதாரப் பணியாளர் சட்டம் வந்துவிட்டது. இந்தத் தடை அதன் தொடர்ச்சிதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வழக்கமான கல்லூரிப் படிப்பிலேயே ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்கிற அரசு இணையத் தளத்தில் படிக்க 2021 முதல் யு.ஜி.சி. இடம் தருகிறது. அப்படிப் படித்தாலும் அது நேரடிப் படிப்புதான். பொறியியலில் ஏ.ஐ.சி.டி.இ. வேறு வழி பிடித்தது. வேலை பார்ப்பவர்களுக்கு இடத்தைத் தளர்த்தாமல் நேரத்தைத் தளர்த்தியது. மாலையில் வா, ஆனால் கல்லூரிக்கு வா. கோவையில் மாலைநேர பி.இ. படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

எனவே பிராஸ்பெக்டஸைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒன்றைக் கேளுங்கள்: போன பேட்சில் முடித்த ஒருவரின் சான்றிதழ் நகல். முன்பக்கம் எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். திருப்பிப் பாருங்கள். படித்த முறை, சேர்ந்த தேதி, முடித்த தேதி, படிப்பு மையத்தின் பெயரும் முகவரியும், தேர்வு மையத்தின் பெயரும் முகவரியும் பின்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது தொலைநிலைப் படிப்புக்கான விதி. அந்த முகவரிக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். ஆய்வகம் இருக்கிறதா, இல்லை மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் போர்டு மட்டும் தொங்குகிறதா என்று தெரிந்துவிடும். படிப்பு மையத்தை வாடகைக்கு விடுவதுபோல் இன்னொருவர் கையில் கொடுத்து நடத்தவும் விதியில் இடமில்லை.

இன்னொன்று. 2024 முதல் தொலைநிலையிலோ இணையவழியிலோ சேர்பவர்கள் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் தாங்களே ஒரு அடையாள எண், அதாவது டெப் ஐடி, எடுக்க வேண்டும். அங்கே உங்கள் பல்கலைக்கழகமும் படிப்பும் பட்டியலில் வந்தால்தான் மேலே பேச்சு. "அதெல்லாம் நாங்களே போட்டுக்கிறோம், நீங்க முதல் தவணையைக் கட்டிடுங்க" என்று யாராவது சொன்னால், பர்ஸை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.