இரு தாயர்க்கு ஒரு மகள்

ஹாலிஎலையில் மழை கொட்டும் நாளில் பாடம் நடத்துதல் எளிதன்று. தகரக் கூரையின் பேரோசை ஆசிரியரின் குரலை விழுங்கிவிடும். அத்தகைய நாள்களிற் பிள்ளைகளைக் கட்டுரை எழுத விடுவது என் வழக்கம். சென்ற ஐப்பசி மழையில் எட்டாந் தரத்துப் பிள்ளைகளுக்கு ‘என் தாய்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அமர்ந்தேன். ஆண்டுதோறும் யான் கொடுத்துவந்த தலைப்பு அது. கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “எந்த அம்மாவப் பத்தி எழுதுறது சேர்?” என்றாள். வகுப்புச் சிரித்தது. யானோ சிறிதும் சிந்தியாது, “பெற்ற தாயைப் பற்றி எழுது, மாற்றாந்தாயைப் பற்றி யார் கேட்டார்?” என்று சொல்லிவிட்டேன். பாடவேளை முடிந்தபோது அவள் கொடுத்த தாளில் தலைப்பைத் தவிர வேறொரு சொல்லும் இல்லை.

பின்னர் விசாரித்தறிந்தேன். பெற்றவள் அவளது இளம்பருவத்திலேயே இறந்துவிட்டாள். தந்தை மறுமணம் செய்தார். வந்தவளோ முன்னரே கணவனை இழந்தவள். தன் மகனோடு வந்தாள். இப்பொழுது இருவர்க்கும் பிறந்த கைக்குழந்தையும் உண்டு. ஒரு லயக் காம்பராவில் மூவகைப் பிள்ளைகள். தோட்டப்புறங்களில் இஃது அரிய செய்தியன்று.

அன்றிரவு என்னை வருத்தியது யான் வழங்கிய அந்தச் சொல்தான். மாற்றாந்தாய்! தாய்க்கு மாற்றாக வந்தவள் என்பதே பொருளென்று இலக்கணம் கூறி அமையலாம். ஆயினும், செவிக்குக் கேட்பது பகைவனைக் குறிக்கும் மாற்றான் என்னுஞ் சொல்லே. பத்திரிகைகளிலும் பாருங்கள், ஒரு பகுதியார்க்கு அரசு ஓரவஞ்சனை செய்தால் உடனே ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று எழுதுகிறோம். அதனை வாசிக்கும் பிள்ளையின் வீட்டில் அத்தகைய தாயொருத்தி உலையேற்றிக்கொண்டிருப்பாளே என்று எவரும் எண்ணுவதில்லை. தோட்டத்து வழக்கோ இதனினும் நாகரிகமுடையது. ‘சின்னம்மா’ என்பர். அதிற் பகையும் இல்லை, மாற்றும் இல்லை.

பண்டைத் தமிழ்ப் புலவர் இவ்விடயத்தில் நம்மினும் விரிந்த நெஞ்சினர். அகநானூற்றுப் பதினாறாம் பாட்டுச் சாகலாசனார் பாடியது. தெருவில் விளையாடும் தலைவியின் புதல்வனைத் தலைவனின் பரத்தை தனிமையிற் கண்டு ஆவலோடு தழுவிக்கொள்கிறாள். அதனைத் தலைவி பார்த்துவிடுகிறாள். களவு செய்து அகப்பட்டவள்போல் பரத்தை நிலத்தைக் கீறி நாணி நிற்கிறாள். தலைவி சினக்கவில்லை, அஞ்ச வேண்டா, நீயும் இவனுக்குத் தாயே என்னுங் கருத்துப்படக் கூறி அணைத்துக்கொள்கிறாள். இதனை ஊடற்சுவைக்கு மட்டும் உதாரணமாகக் காட்டிவிட்டுப் போவது நம் வகுப்பறை வழக்கம். யானும் அவ்வாறே செய்து வந்தவன்.

இனிக் கடல் கடந்த ஒரு நூலைக் கூற வேண்டும். பதுளையில் பழைய புத்தகங்களிடையே எனக்கு அகப்பட்ட ஆங்கிலச் சிறுவர் கதை அது. ‘ஏழு சிறிய அவுஸ்திரேலியர்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் எதல் ரேணர் என்னும் இளம்பெண். சிட்னி நகரில் பரமட்டா ஆற்றங்கரையில் ‘ஒழுங்கின்மை’ எனப் பொருள்படும் பெயர் பூண்ட ஒரு வீடு. வீட்டுத் தலைவர் ஒரு படை அதிகாரி. முதல் மனைவி விட்டுச் சென்ற பிள்ளைகள் அறுவர். இரண்டாம் மனைவி எஸ்தருக்கு வயது இருபதே. மூத்த மகளினும் நான்கு ஆண்டு மூத்தவள், அவ்வளவே. அவளுக்குப் பிறந்த ஏழாம் பிள்ளையைத் ‘தளபதி’ என்று அனைவரும் செல்லமாக அழைக்கின்றனர்.

கதையின் உயிர் பதின்மூன்று வயது ஜூடி. குறும்புகள் அனைத்துக்கும் அவளே தலைவி. ஒருநாள் அண்ணனோடு ஊர் சுற்றப் போகவேண்டி, கையிலிருந்த குழந்தையைத் தந்தையின் படைமனையிற் கொண்டுபோய் விட்டுவிடுகிறாள். அதற்குத் தண்டனையாக மலைநாட்டிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அங்கிருந்து தப்பி, பல நாள் நடந்து வீட்டுக்கு வந்து, வைக்கோற் பரணில் ஒளிந்துகொள்கிறாள். உடன்பிறந்தார் இரகசியமாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். தந்தை கண்டுபிடிக்கும்போது அவள் நுரையீரல் நோயால் நலிந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போகப் பல மைல் நடக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை.

நோய் தீர அவளை அழைத்துச் செல்லும் இடம் எஸ்தரின் தாய்தந்தையர் வாழும் பண்ணை. இரத்த உறவில்லாத அறுவரையும் அம்முதியோர் பேரப்பிள்ளைகளாகவே ஏற்கின்றனர். அங்கே ஒரு வனபோசன நாளில் பட்ட மரமொன்று சரிகிறது. அதன் கீழே நிற்கிறது அந்தச் சிறு குழந்தை. ஜூடி பாய்ந்து அதனைக் காக்கிறாள். மரம் அவள்மீது விழுகிறது. அன்றிரவே உடன்பிறந்தார் சூழ்ந்திருக்க உயிர் பிரிகிறது. ஒருகாலத்தில் தொல்லையென்று விட்டுவந்த அந்தச் சின்னம்மாவின் பிள்ளைக்காகத்தான் அவள் இறக்கிறாள். ஆசிரியை இதனை எடுத்துச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதே சிறப்பு.

1895இலும் 1902இலும் இக்குடும்பக் கதை தொடர்ந்தது. 1928இல் வந்த நான்காம் நூல், இறந்துபோன ஜூடியின் பழைய நாள்களுக்கே திரும்பிச் செல்கிறது. முப்பத்துநான்கு ஆண்டு சென்ற பின்னரும் ஆசிரியை அவளை விடவில்லை. காரணம் தேடுவார் அவரது வரலாற்றைப் பார்க்கலாம். அவர் குழந்தையாயிருக்கையிலேயே தந்தை இறந்தார். தாய் மணந்த இரண்டாமவர் ஆறு பிள்ளைகளின் தந்தை. அவரும் 1878இல் மறைந்தார். பின்னர்ச் சிட்னிக்குக் குடிபெயர்ந்து தாய் மூன்றாம் மணம் செய்தார். ரேணர் என்ற பெயரும் பெற்ற தந்தையின் பெயரன்று, வளர்த்த தந்தையின் பெயரே. சின்னம்மாவைக் கொடியவளாகக் காட்டும் கதைகள் மலிந்த உலகில், எஸ்தரைப் பிள்ளைகளோடு சிரித்து விளையாடும் ஓர் இளம்பெண்ணாக அவர் படைத்தது வியப்பன்று. நம் நாட்டிலும் 1947இல் மார்ட்டின் விக்கிரமசிங்க எழுதிய ‘மடொல் தூவ’ என்னும் சிங்களக் கதையின் உபாலி தாயை இழந்து சிற்றன்னையிடம் வளர்ந்தவனே. ஆனால் அக்கதையின் நோக்கு வேறு.

இவற்றையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்த எனக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நம் கதைத்தலைவி பிந்தியே நினைவுக்கு வந்தாள். மணிமேகலை!

கோவலனுக்கு மாதவி பெற்ற மகள் அவள். தன் குலத்து முன்னோன் ஒருவனைக் கடலிற் காத்த தெய்வத்தின் பெயரைத் தந்தை அவளுக்கு இட்டான். கண்ணகிக்கோ மகப்பேறு இல்லை. கோவலன் மதுரையில் மாண்ட பின் மாதவி துறவு பூண்டு, வசந்தமாலையிடம் தன் மகளைப் பற்றிக் கூறும்போது, அவள் மாபத்தினியாகிய கண்ணகியின் மகள் என்கிறாள். மகளை நாடகக் கணிகை வாழ்விலிருந்து விலக்க மாதவி செய்த உபாயம் இது என்பாரும் உளர். எனக்கு அது போதிய விளக்கமாகப் படவில்லை. உபாயமாயின் அது மாதவியின் வாயோடு நின்றிருக்கும். சாத்தனாரும் அவ்வாறே கூறுகிறாரே! கோவலனும் கண்ணகியும் பட்ட துயரைக் கேட்டு மணிமேகலை வடித்த கண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மாலையை நனைத்த இடத்தில், அவர்களைத் தந்தையும் தாயும் என்றே குறிக்கிறார் புலவர். வஞ்சிமாநகர் புக்க காதையில் அவள் கண்ணகியின் படிமத்தின்முன் மகளாகவே நின்று அழுது வினவுகிறாள். படிமமும் தாயாகவே மறுமொழி கூறுகிறது. குருதியுறவுடைய பாட்டி சித்திராபதியோ அவளை அரசகுமாரனிடம் சேர்க்கவே முயல்கிறாள்.

பெற்றவளே தன் உரிமையை மற்றவளுக்கு விட்டுக்கொடுத்த காப்பியம் இது. அந்த மகள் மணிபல்லவத்தில் அமுதசுரபியைப் பெற்று ஊரார் பசியெல்லாம் தீர்த்தாள். மணிபல்லவம் நம் நயினாதீவே என்பது அறிஞர் பலர் கொள்கை.

அடுத்த வாரம் ஜூடியின் கதையையும் மணிமேகலையின் கதையையும் எட்டாந் தரத்தில் சொன்னேன். யான் சொன்ன சொல்லுக்காக வருந்துவதாகவும் வகுப்பறியக் கூறினேன். அந்த மாணவி நெடுநேரம் பேசவில்லை. மணியடிக்கும் நேரத்தில் எழுந்து, “கண்ணகி மணிமேகலையக் கண்ணால கண்டிருக்காங்களா சேர்?” என்றாள். இத்தனை ஆண்டு பாடஞ் சொல்லியும் எனக்கு எழாத வினா. வீட்டுக்கு வந்து இரு காப்பியங்களையும் புரட்டினேன். கண்ணகி உயிரோடிருந்த காலத்தில் இருவரும் சந்தித்த காட்சி ஒன்றும் இல்லை. மறுநாள் அதனைச் சொன்னேன். “காணாமலேயே அம்மாவா?” என்று மெல்லக் கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டாள்.

அதன் பின் ‘என் வீட்டார்’ என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தேன். அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். விடியற்காலையில், கொழுந்துக்குப் போகுமுன், சின்னம்மா தனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது. அதற்குள் அண்ணன் தம்பியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவது. சுவரில் மாட்டிய அம்மாவின் படத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் பூ வைப்பது சின்னம்மாதான் என்பது. ஒற்றுப்பிழைகள் ஏழு இருந்தன. அவற்றை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.