ஓட்டுக்கு ஊர் எது?

லண்டன் மியூசியத்தில் காப்பாளராயிருந்தவரும், 1944-ல் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைமைப் பதவியை ஏற்றவருமான மார்ட்டிமர் வீலர், மறு வருஷம் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, இத்தாலியச் சிவப்புப் பாண்டங்களின் துண்டுகளோடு, கருஞ்சாம்பல் நிறமும் வழவழப்பும் வாய்ந்த தட்டுகளின் ஓடுகளும் அகப்பட்டன. தட்டின் உட்புறத்து அடியில், பல்வைத்த சிறு சக்கரத்தை உருட்டிவிட்டாற்போல, நுண்ணிய புள்ளிகள் வட்டம் வட்டமாக ஓடும். இவ்வலங்காரம் மத்தியதரைக் கடல் நாட்டாரின் வித்தை என்பது வீலரின் அபிப்பிராயம். பிற்காலத்தில் இதே ஓடுகள் வங்காளத்திலும், அழகன்குளத்திலும், அநுராதபுரத்திலும், பாலித் தீவின் செம்பிரானிலுங்கூடக் கிடைக்கவே, இவற்றை வனைந்த இடம் எது என்ற கேள்வி விசுவரூபம் எடுத்தது.

அலங்காரத்தை எவரும் எவரிடமும் கற்றுக்கொள்ளலாம். களிமண்ணையோ குயவர் பெரும்பாலும் பக்கத்து ஏரியிலோ ஆற்றங்கரையிலோதான் எடுப்பர். அம்மண், தான் எந்தப் பாறை சிதைந்து உண்டாயிற்றோ அதன் குணத்தைச் சூளையில் வெந்த பின்னும் விடுவதில்லை. தக்காணத்து எரிமலைப் பாறையின் வழிவந்த மண்ணில் பொதுவாகக் குரோமியம் மிகுந்திருக்கும். கருங்கல் பூமியின் மண்ணில் தோரியம் மிகும்.

ஆகவே ரசாயனிகள், ஓட்டின் மேற்பூச்சைச் சுரண்டியெறிந்து, உள்மண்ணைச் சிட்டிகையளவு கல்வத்தில் பொடித்து, அமிலத்தில் கரைத்து, பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவினுள் தெளிக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை வீசிக் காட்டிக்கொடுத்துவிடும். அணு உலையில் நியூட்ரான்களால் தாக்கி, எழும் காமா கதிர்களை அளப்பது இன்னொரு முறை. பத்து லட்சத்தில் ஒரு பங்காக இருக்கும் தனிமமும் இவற்றுக்குத் தப்பாது. எனினும் கணக்கு அவ்வளவு நேரானதன்று. குயவர் கலந்த மணல் எல்லா அளவுகளையும் குறைத்துக் காட்டும். புதைந்து கிடந்த காலத்தில் சுண்ணச்சத்து கரைந்தோடியிருக்கும், பாஸ்பரஸ் ஊறியிருக்கும். எளிதில் இடம்பெயராத லாந்தனம், ஸ்காண்டியம் போன்றவற்றையே நம்புவது அதனால்தான்.

மண்ணின் கனிமங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்த புணேயைச் சேர்ந்த விஷ்வாஸ் கோக்டே, வங்காளத்துச் சந்திரகேதுகட்–தாம்லுக் பிரதேசமே இத்தட்டுகளின் பிறப்பிடம் என்று 1997-ல் எழுதினார். 2005-ல் வெளியான ரசாயன ஆராய்ச்சியொன்று, இந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த இவ்வகை ஓடுகளுக்கு மண்மூலம் ஒன்றே எனக் கண்டது. தட்டு ரோமாபுரியிலிருந்து வந்ததில்லை என்பதைக் குறித்து இனி வாதமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கங்கையின் கழிமுகமோ, இமயத்து வண்டலை நூற்றுக்கணக்கான மைல் விஸ்தீரணத்துக்கு ஏறக்குறைய ஒரே சீராகப் பரப்பி வைத்திருப்பதால், அங்கே ஓர் ஊரின் மண்ணை அடுத்த ஊரின் மண்ணிலிருந்து பிரித்தறிவது சுலபமான காரியமன்று.