உங்களுக்குத் தெரியுமா? கட்டைவிரலை அளக்கும் ஜாய்ஸ்டிக்

● பட்டனுக்குத் தெரிந்தது இரண்டே சேதி: அழுத்தியிருக்கிறது, அழுத்தவில்லை. அனலாக் ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்ற இரண்டையும் சொல்லும். அதனால்தான் லேசாகச் சாய்த்தால் விளையாட்டில் வீரன் நடக்கிறான். முழுக்கச் சாய்த்தால் ஓடுகிறான்.

● குச்சி இருந்தாலே அனலாக் ஆகிவிடாது. 1998-ல் வந்த நியோ ஜியோ பாக்கெட் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் குட்டி ஜாய்ஸ்டிக் உண்டு. அசைத்தால் 'கிளிக்' என்று சத்தம் வரும். உள்ளே இருந்தவை வெறும் ஸ்விட்சுகள். திசை மட்டும் தெரியும், அளவு தெரியாது.

● பெரும்பாலான அனலாக் ஸ்டிக்குகளுக்குள் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும். ஒன்று இட-வல அசைவுக்கு, மற்றது மேல்-கீழ் அசைவுக்கு. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருப்பதும் இதே பாகம்தான்.

● அதற்குள் ஒரு கார்பன் தடம். அதை உரசியபடி நகரும் சின்ன உலோக முனை. முனை நகர நகர வெளியே வரும் மின்னழுத்தம் மாறும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் குச்சியை நடுவுக்குக் கொண்டுவரும்; அப்போது வருவது ஏறக்குறைய பாதி மின்னழுத்தம்.

● அந்த மின்னழுத்தத்தைச் சிப் எண்ணாக மாற்றுகிறது. 2004-ல் வந்த சோனி பி.எஸ்.பி.யில் ஒவ்வொரு திசைக்கோட்டுக்கும் 0 முதல் 255 வரை எண்கள்; நடு சுமார் 128. அதன் ஸ்டிக் சாயாது, தட்டையாக வழுக்கி நகரும்.

● 2011 டிசம்பரில் சோனியின் பி.எஸ். வீட்டா இரண்டு ஸ்டிக்குகளுடன் வந்தது. முப்பரிமாண விளையாட்டில் இடக்கை நடத்த, வலக்கை பார்வையைத் திருப்ப என்று வேலை பிரிந்தது.

● ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் அச்சுப்பிசகாமல் அதே இடத்தில் நிறுத்தாது. ஆகவே நடுவைச் சுற்றி வரும் சிறு மாற்றங்களை மென்பொருள் கண்டுகொள்ளாது. இதுதான் 'டெட் ஸோன்'. இது கூடினால் நுணுக்கமான அசைவுகள் வீணாகும்.

● தொடாமலே வீரன் நகர்ந்தால் அது 'டிரிஃப்ட்'. உரசி உரசித் தடம் தேய்வதும், தூசு சேர்வதும் முக்கியக் காரணங்கள். நின்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான்களில் இந்தப் புகார் பெருகியது. 2020 ஜூனில் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

● மாற்று வழி, 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு. குச்சியோடு காந்தம் நகரும். சென்சார் அதைத் தொடாமலே அளக்கும். உரசல் இல்லை, தடம் தேயும் பேச்சும் இல்லை. 1998-ல் வந்த சேகா டிரீம்காஸ்ட்டின் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது.

● 2022-ல் வந்த ஸ்டீம் டெக்கின் ஸ்டிக்குக்கு, விரல் தன்மேல் பட்டிருக்கிறதா என்பதும் தெரியும். விரல் பட்டால் மட்டும், கருவியின் அசைவை உணரும் கைரோ சென்சார் இயங்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

● டிரிஃப்ட் வந்ததும் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் செட்டிங்ஸில் 'காலிபரேஷன்' செய்து, நடு எது என்று கருவிக்கு மறுபடி சொல்லிக்கொடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் தடம் தேய்ந்திருக்கக்கூடும். ஸ்டிக்கை மட்டும் மாற்றினாலே பல கருவிகள் பிழைத்துக்கொள்ளும்.