அதிமதுரம் வயிற்றுப் புண்ணை ஆற்றுமா?

வயிறு எரிகிறது என்றால் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் பழகிய வைத்தியம். இந்த வேரை மருத்துவ உலகமும் சோதித்துப் பார்த்திருக்கிறது. அதன் முடிவை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

1946-ல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அதிமதுரச் சாறு குடித்த நோயாளிகளுக்கு வயிற்றுப் புண் ஆறுவதாக எழுதினார். சிலருக்கு உடல் வீங்கியதையும் அவர் மறைக்கவில்லை.

வயிற்றுப் புண் சில நேரம் தானாகவே ஆறிவிடும். எனவே ‘குடித்தேன், குணமானது’ என்பது மட்டும் ஆதாரமாகாது. ஒரு சாராருக்கு மருந்தும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட வேண்டும். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டால், இங்கிலாந்தில் இப்படிச் சோதித்தார். அதிமதுரத்திலிருந்து உருவாக்கிய கார்பினாக்சலோன் இரைப்பைப் புண் ஆற உதவுகிறது என்று 1962-ல் அவரது குழு அறிவித்தது.

ஆனால் பக்கவிளைவும் கூடவே வந்தது. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்குகிறது, பொட்டாசியத்தைக் குறைக்கிறது, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரத்தையும் சோதித்தார்கள். முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை.

இதற்கிடையே 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். வயிற்றுப் புண்ணுக்கு இந்தக் கிருமியே முக்கியக் காரணம் என்பது பின்னர் உறுதியானது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள் மற்றொரு காரணம். கிருமி வயிற்றில் இருக்கும்வரை, ஆறிய புண்ணும் மீண்டும் வரலாம்.

ஆகவே எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரிடம் கிருமிப் பரிசோதனை பற்றிக் கேட்போம். கிருமி இருந்தால், அவர் தரும் மாத்திரைகளை வலி நின்றதும் பாதியில் நிறுத்தாமல் முழுமையாகச் சாப்பிட வேண்டும்.

இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ள பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிமதுரத்தை நாமாகக் கொடுக்கக் கூடாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மலம் தார்போலக் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.