அமானுடக் காதல் புதினம்

அமானுடக் காதல் புதினம் என்பது, காதலர் இருவருள் ஒருவரேனும் மனித இயல்புக்கு அப்பாற்பட்டவராக அமையும் காதல் கதைகளைக் குறிக்கும் புதின வகை ஆகும். அமானுஷ்யக் காதல் கதை எனவும் இது அழைக்கப்படும். குருதி உண்ணும் பேய்கள், ஓநாயாக உருமாறும் மனிதர், சாபம் பெற்ற வீரர், தேவர் ஆகியோர் இவற்றின் நாயகர்களாக வருவர். ஆங்கிலத்தில், குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவில், இவ்வகை 1990களின் இறுதியிலும் 2000களிலும் பெருவளர்ச்சி கண்டது.

கிரேக்கத் தொன்மங்களைக் களமாகக் கொண்டு, சாக முடியாமல் துன்புறும் நாயகனை மையப்படுத்தும் கதைகள் இவ்வகையின் முக்கியக் கிளை ஆகும். இந்நாயகனுக்குச் சாவாமை வரம் அன்று, தண்டனை. அதிலிருந்து அவனை மீட்பது, சாகக்கூடிய ஒரு பெண்ணின் காதல் என்பதே இக்கதைகளின் அடிப்படை. துன்புற்ற வீரன், தடுக்கப்பட்ட காதல், அழியாத நிலை ஆகிய மூன்றும் தமிழ்நாட்டின் காத்தவராயன், மதுரை வீரன், முத்துப்பட்டன் கதைப்பாடல்களிலும் உள்ளன. ஆனால் அங்கு அவற்றின் வரிசை வேறு.

பொது இயல்புகள்

இவ்வகைப் புதினங்கள் பெரும்பாலும் பின்வரும் இயல்புகளைக் கொண்டிருக்கும்.

நாயகன் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவன். நெருங்கிய ஒருவரின் துரோகம், அடிமை வாழ்வு, உறவினரின் கொலை போன்ற ஒரு பழைய காயம் அவனுக்கு உண்டு. உடலின் காயம் ஆறினாலும் இக்காயம் ஆறுவதில்லை. நாயகி பெரும்பாலும் தற்காலத்தவள். தொழில் செய்து தன் காலில் நிற்பவள். அவளுக்கு இறப்பு உண்டு என்பதே கதையின் முதன்மைச் சிக்கல்.

கதையின் முடிவு மகிழ்ச்சியாக அமைய வேண்டும் என்பது காதல் புதினங்களின் எழுதப்படாத விதி. எனவே நாயகன் மனிதன் ஆகவேண்டும். அல்லது நாயகியும் சாவாமை பெறவேண்டும். அல்லது இருவருக்கும் பொதுவான வேறொரு வழி கண்டறியப்பட வேண்டும்.

இக்கதைகள் பெரும்பாலும் தொடர்களாக வெளிவருகின்றன. ஒரு நூலில் துணைக் கதைமாந்தராக வரும் வீரன் அடுத்த நூலில் நாயகன் ஆவான். சாபத்தின் விதிகள் தொடர் முழுவதற்கும் பொதுவானவை. ஒவ்வொரு நூலும் அவ்விதிகளுக்குள் ஒரு புதிய தீர்வைத் தேடுகிறது.

கிரேக்கத் தொன்மங்களில் சாவாமை

சாவாமையின் துன்பம் தற்கால எழுத்தாளர்கள் புதிதாகக் கண்டது அன்று. கிரேக்கத் தொன்மங்களிலேயே அது விரிவாகப் பேசப்பட்டுள்ளது.

வைகறைத் தெய்வமான ஈயோசு, தித்தோனசு என்னும் மனிதனைக் காதலித்து, அவனுக்குச் சாவாமை தருமாறு சீயசிடம் வேண்டினாள். இளமையையும் சேர்த்துக் கேட்க மறந்தாள். அவன் முதுமையில் ஒடுங்கி, இறக்க முடியாமல், இறுதியில் வெறும் குரலாக எஞ்சினான்.

மனிதருக்கு நெருப்பைத் தந்த புரோமீத்தியசு பாறையில் பிணைக்கப்பட்டான். நாள்தோறும் ஒரு கழுகு அவனது ஈரலைத் தின்றது. நாள்தோறும் அது மீண்டும் வளர்ந்தது. சாக முடியாதவன் ஆதலால் இறப்பால் அவனது தண்டனை முடியவில்லை. பாதி மனித உருவும் பாதி குதிரை உருவும் கொண்ட கைரோன், எராக்கிளிசின் நச்சு அம்பால் தற்செயலாகக் காயமுற்றான். வலியைத் தாங்க முடியாத அவன் தன் சாவாமையைத் துறந்து இறப்பை ஏற்றான்.

ஓமரின் ஒடிசியில், கலிப்சோ என்னும் தெய்வமகள் தன்னுடன் தங்கினால் சாவாமையும் மூப்பின்மையும் தருவதாக ஒடீசியசிடம் கூறுகிறாள். மனைவியிடம் திரும்ப விரும்பும் அவன் அதை மறுக்கிறான்.

மகிழ்ச்சியில் முடியும் கதையும் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய அப்புலேயசின் நூலில், சைக்கி என்னும் மானிடப் பெண், முகம் காட்டாத கணவனாக வரும் காதல் தெய்வத்தை இழந்து, கடினமான சோதனைகளைக் கடந்து மீண்டும் அடைகிறாள். இறுதியில் அவளுக்குச் சாவாமை வழங்கப்படுகிறது. அமானுடக் காதல் புதினத்தின் கதைப்பின்னல் இக்கதையில் ஏறத்தாழ முழுமையாகவே காணப்படுகிறது எனலாம்.

வரலாறு

1819 இல் வெளியான சான் பொலிடோரியின் "த வாம்பயர்", குருதி உண்ணும் பேயை அழகும் உயர்குடிப் பிறப்பும் உடைய ஆணாகக் காட்டியது. கவிஞர் கீட்சின் "லாமியா" 1820 இல் வெளியானது. பாம்பு உருவிலிருந்து பெண்ணாக மாறியவளுக்கும் கொரிந்து நகர இளைஞனுக்கும் இடையிலான காதலை அது கூறுகிறது. அதன் மூலக் கதை பண்டைய கிரேக்க எழுத்தாளர் பிலோசுத்திராத்தசின் நூலில் உள்ளது.

ஆன் ரைசு 1976 இல் வெளியிட்ட "இன்டர்வியூ வித் த வாம்பயர்" புதினத்தில், சாவில்லாதவன் தன் வேதனையைத் தானே எடுத்துரைத்தான். அச்சத்துக்குரிய உயிரி இரக்கத்துக்குரியதாக மாறியதில் இந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. 1999 இல் வெளிவந்த கிறிசுட்டீன் ஃபீகனின் "டார்க் பிரின்சு", இந்நாயகனைக் காதல் புதினத்தின் வரையறைக்குள் கொண்டுவந்த நூல்களுள் குறிப்பிடத்தக்கது. 2005 இல் வெளியான இசுட்டெபனி மேயரின் "டுவைலைட்" இவ்வகையைப் பதின்ம வயதினரிடம் கொண்டு சென்றது.

கிரேக்கத் தொன்மம் சார்ந்த தொடர்கள்

டார்க் ஹன்டர்

அமெரிக்க எழுத்தாளர் செரிலின் கென்யன் எழுதிய இத்தொடரின் முன்கதையான "ஃபேன்டசி லவர்" 2002 இல் வெளியானது. அப்ரொடைட்டியின் மகனான சூலியன் என்னும் படைத்தலைவன் சாபத்தால் ஒரு நூலுக்குள் அடைக்கப்பட்டு, அழைப்பவரின் இச்சைக்கு ஏவல் செய்பவனாக இரண்டாயிரம் ஆண்டுகள் வாழ்கிறான். நியூ ஓர்லியன்சு நகரப் பெண் ஒருத்தி அவனை முதன்முறையாக ஒரு மனிதனாக நடத்துகிறாள்.

தொடரின் முதன்மைக் கதையில் வரும் வீரர்கள் துரோகத்தால் இறந்தவர்கள். பழிவாங்க ஒரு வாய்ப்புப் பெறுவதற்காக ஆர்ட்டெமிசு தெய்வத்திடம் தம் ஆன்மாவை விற்றவர்கள். அதற்கு ஈடாக, மனித ஆன்மாக்களை உண்ணும் டைமன்களை அவர்கள் காலமெல்லாம் வேட்டையாட வேண்டும். டைமன்களும் சாபத்துக்கு உள்ளானவர்களே. அப்பல்லோவின் சாபத்தால் 27 ஆம் வயதில் இறக்க வேண்டிய இனத்தவர், அதிலிருந்து தப்பவே ஆன்மாக்களை உண்கின்றனர்.

வீரன் ஒருவன் விடுதலை பெறும் முறை இத்தொடரில் துல்லியமாக வரையறுக்கப்பட்டுள்ளது. அவன் இறக்கும் தறுவாயில், அவனது ஆன்மா அடங்கிய பதக்கத்தை அவனை நேசிப்பவர் அவன் உடலில் உள்ள குறியின் மீது வைத்துப் பிடித்திருக்க வேண்டும். பதக்கம் கையைச் சுடும். வலி தாளாமல் அதை விட்டுவிட்டால் அவன் என்றென்றும் நிழலாக அலைவான். அவனது வலியில் ஒரு பங்கைக் காதலி தன் கையில் ஏற்க வேண்டும் என்பதே இவ்விதியின் பொருள்.

2003 இல் வெளியான "டான்சு வித் த டெவில்" நூலின் நாயகன் சாரெக், உரோமைப் பேரரசில் அடிமையாக அடிபட்டு வளர்ந்தவன். வீரனான பின்னரும் 900 ஆண்டுகள் அலாசுக்காவில் தனிமைத் தண்டனை பெறுகிறான். வீரர்களின் தலைவனும் 11,000 ஆண்டுகள் வாழ்ந்தவனுமான அக்கரானின் கதை 2008 இல் தனி நூலாக வெளிவந்தது.

லார்ட்சு ஒஃப் த அண்டர்வேர்ல்டு

சீனா சோவால்டரின் இத்தொடர் 2008 இல் "த டார்க்கஸ்ட் நைட்" நூலுடன் தொடங்கியது. பண்டோராவின் பெட்டியைத் திறந்துவிட்ட வீரர்கள், அதிலிருந்து வெளியேறிய தீய ஆவிகளை ஆளுக்கொன்றாகத் தம் உடலில் தாங்குமாறு தண்டிக்கப்படுகின்றனர். வன்முறை என்னும் ஆவியைத் தாங்கும் மாடொக்சு, பண்டோராவைக் கொன்றதற்காக ஒவ்வொரு நள்ளிரவிலும் தன் தோழர்களின் கையால் இறக்கிறான். காலையில் மீண்டும் உயிர்பெறுகிறான். இது புரோமீத்தியசின் தண்டனையை ஒத்தது. எசியோதின் மூலக் கதையில் பண்டோரா திறந்தது பெட்டி அன்று, சாடி என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 16 ஆம் நூற்றாண்டில் எராசுமசின் இலத்தீன் நூல் வழியாகவே சாடி பெட்டியானது.

விமர்சனங்கள்

இப்புதினங்கள் தொன்மங்களைத் தம் வசதிக்கேற்ப மாற்றுகின்றன என்பது பொதுவான விமர்சனம். எடுத்துக்காட்டாக, பிளேட்டோவின் உரையாடல்களில் வரும் அட்லாண்டிசு, டார்க் ஹன்டர் தொடரில் தனிக் கடவுளரைக் கொண்ட நாடாக மாற்றப்பட்டுள்ளது. நாயகனின் அடக்கி ஆளும் போக்கு அவனது கடந்தகாலத் துன்பத்தின் பெயரால் மன்னிக்கப்படுகிறது என்பதும், பாலியல் வன்கொடுமை கதைக்கான கருவியாகக் கையாளப்படுகிறது என்பதும் இவற்றை விடக் கடுமையான விமர்சனங்கள் ஆகும்.

காதல் புதினங்களைப் படிக்கும் பெண்களிடையே சானிசு இராடுவே நடத்திய ஆய்வு 1984 இல் நூலாக வெளிவந்தது. நாள் முழுதும் பிறரைப் பேணும் பெண்கள், தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் நேரமாக வாசிப்பைக் கருதினர் என்று அவர் கண்டார். அது அமானுடக் காதல் புதினங்களின் வளர்ச்சிக்கு முந்தைய ஆய்வு எனினும், இவ்வகையைப் புரிந்துகொள்ளவும் பயன்படுகிறது.

தமிழ்ச் சூழலில்

இலக்கியமும் தொன்மமும்

திருக்கடையூர்த் தலக்கதையில் மார்க்கண்டேயன் என்றும் பதினாறாக இருப்பது வரம். மகாபாரதத்தில் அசுவத்தாமன் ஆறாத புண்ணுடன் மூவாயிரம் ஆண்டுகள் அலைவது சாபம். மேற்கண்ட நாயகர்களுக்கு மிக நெருக்கமானவன் இவனே. எனினும் இவன் சாபத்தில் ஆள் துணையின்மையும் அடக்கம். இவனை மீட்கக் காதலி எவளும் வருவதில்லை.

மணிமேகலையில் வரும் காயசண்டிகை ஒரு விஞ்சை மகள். முனிவர் ஒருவருக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்ததால், பன்னிரண்டு ஆண்டுகள் தீராப் பசியால் வருந்துமாறு சபிக்கப்படுகிறாள். அமுதசுரபியின் உணவால் அவள் பசி தீர்கிறது. அவளைத் தேடி வந்த கணவன் காஞ்சனன், அவள் உருவில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவி எனக் கருதி, பின்தொடர்ந்த உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான். சாபமும் காத்திருப்பும் இங்கு உண்டு. மகிழ்ச்சியான முடிவு இல்லை.

மறுபிறவிக் காதல்

ஒரே உடலில் பல நூற்றாண்டுகள் வாழும் நாயகனை விட, பிறவி மாறியும் தொடரும் காதலே தற்காலத் தமிழ்க் கதைகளில் பெரிதும் காணப்படுகிறது. கல்கியின் "சோலைமலை இளவரசி", 1942 ஆம் ஆண்டுப் போராட்டத்தில் தலைமறைவான இளைஞனின் வாழ்வையும் நூறாண்டுக்கு முந்தைய பாளையக்காரர் காலக் காதலையும் இணைக்கிறது. சிறீதர் இயக்கி 1963 இல் வெளியான "நெஞ்சம் மறப்பதில்லை" திரைப்படமும் முற்பிறவிக் காதலைப் பேசுகிறது. மதுரையில் வாழ்ந்து 2024 இல் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் மறுபிறவி, சித்தர், தெய்வசக்தி ஆகியவற்றை வைத்து ஏராளமான புதினங்களை எழுதினார்.

கதைப்பாடல் வீரர்கள்

காத்தவராயன் கதைப்பாடலின் நாயகன் ஆரியமாலை என்னும் பிராமணப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்படுகிறான். மதுரை வீரன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் சமூகத்தினரால் வளர்க்கப்பட்டவன். பொம்மியை மணந்த அவன், பின்னர் மதுரையில் வெள்ளையம்மாள் பொருட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறக்கிறான். முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை மணக்க விரும்புகிறான். அவர்களின் தந்தை வாலப்பகடை இட்ட நிபந்தனையை ஏற்றுப் பூணூலைத் துறந்து செருப்புத் தைக்கிறான். பின்னர் மாடு கவர்ந்தோருடன் போரிட்டு இறக்கிறான். காத்தவராயன், முத்துப்பட்டன் கதைப்பாடல்களை நா. வானமாமலை பதிப்பித்தார், மதுரைப் பல்கலைக்கழகம் அவற்றை வெளியிட்டது.

மூவரும் இறப்புக்குப் பின் தெய்வமாயினர். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்கு வாயிலருகே மதுரை வீரன் சந்நிதி உள்ளது. காவல் தெய்வ வழிபாடு வலுவாக உள்ள மதுரை, திண்டுக்கல் சமவெளிகளில், வடமதுரை, அய்யலூர் போன்ற ஊர்களின் வட்டாரத்தில், கருப்பணசாமி போன்ற தெய்வங்களின் வரிசையில் மதுரை வீரனும் வைத்து எண்ணப்படுகிறான். பொம்மியும் வெள்ளையம்மாளும் அவன் இருபுறமும் நிற்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கதை கூத்தாக ஆடப்படுகிறது. "ஆரியமாலா" (1941), "மதுரை வீரன்" (1956), "காத்தவராயன்" (1958) ஆகிய திரைப்படங்களும் இக்கதைகளைத் தழுவியவை.

ஒப்பீடு

ஆங்கிலப் புதினத்தில் சாவாமை முதலில் வருகிறது. துன்பம் அதன் விளைவு. காதல் இறுதியில் விடுதலை தருகிறது. தமிழ்க் கதைப்பாடலில் காதல் முதலில் வருகிறது. துன்பமும் கொலையும் அதன் விளைவு. சாவாமை இறுதியில் வருகிறது.

காதலைத் தடுப்பது எது என்பதிலும் வேறுபாடு உண்டு. புதினங்களில் அது கற்பனையான தெய்வ சாபம். கதைப்பாடல்களில் அது சாதி. காத்தவராயன் கதையில் சிவனின் சாபமும் கூறப்படுகிறது எனினும், கழுமரத்தை நட்டவர்கள் மனிதர்களே. மதுரை வீரனை அரச குலத்தில் பிறந்தவனாகக் கூறும் பகுதி, சாதி மீறிய காதலை ஏற்கத்தக்கதாக்கும் பொருட்டுப் பின்னர் சேர்க்கப்பட்டது என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். 1956 ஆம் ஆண்டுத் திரைப்படமும் அரச குலப் பிறப்பையே பின்பற்றியது.

புதினத்தின் விதிப்படி காதலர் வாழ்ந்தாக வேண்டும். கதைப்பாடலில் அவர்கள் வாழ விடப்படுவதில்லை. கொல்லப்பட்ட பின்னரே ஒன்றாக வழிபடப்படுகின்றனர். பாபநாசம் அருகே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டனுக்கும் அவன் மனைவியருக்கும் சந்நிதி உண்டு. பூணூலைக் கழற்றிச் செருப்புத் தைத்த அவனுக்கு, இன்றும் பக்தர்கள் செருப்பையே காணிக்கையாகச் செலுத்துகின்றனர்.