வீலிங் பழக நடுரோடா? சோழவரத்தில் சீறிய பைக்குகளும் புழல் ஜெயிலுக்கு போன வாலிபரும்!

கும்மிடிப்பூண்டி,

சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வெளியே வரும் வாலிபனுக்கு பையில் சம்பளம், தவணையில் எடுத்த ஸ்போர்ட்ஸ் பைக், எதிரே நீளமான தார் ரோடு. அப்புறம் என்ன? முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி, பின் சக்கரத்தில் மட்டும் பறக்கும் 'வீலிங்' ஆசை தொற்றிக் கொள்கிறது. செல்போனில் பத்து விநாடி வீடியோவாக பார்த்தால் வெகு சுலபமாகத்தான் தெரியும்.

முதல் கியரில் மெதுவாக உருட்டி, கிளட்சை லேசாக பிடித்து, ஆக்சிலேட்டரை முறுக்கி, சட்டென்று கிளட்சை விட்டால் முன் சக்கரம் எழும்பி விடும். தூக்குவதில் பெரிய வித்தை இல்லை. இறக்குவதில்தான் இருக்கிறது சங்கதி!

வலது கால்தான் உயிர்

வண்டி மேலே போகப்போக ஒரு இடத்தில் தராசு முள் மாதிரி நிற்கும். அதை கொஞ்சம் தாண்டினாலும் ஆள் மல்லாக்க விழுவான், வண்டி அவன் மேல் விழும். அப்போது காப்பாற்றுவது வலது காலில் இருக்கும் பின் பிரேக். லேசாக மிதித்தால் போதும், முன் சக்கரம் தானாக கீழே வந்து விடும்.

புதிதாக பழகுகிறவன் என்ன செய்கிறான்? பயத்தில் ஹேண்டில் பாரை இறுக்கி பிடிக்கிறான். உடம்பு பின்னால் சாய்கிறது. பிடித்த கை தன்னை அறியாமல் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கி விடுகிறது. பிரேக் என்று ஒன்று இருப்பதே அந்த நிமிடத்தில் ஞாபகம் வருவதில்லை.

சக்கரம் அந்தரத்தில் இருக்கும் வரை வண்டியை திருப்ப முடியாது. முன் பிரேக் இருந்தும் இல்லாத கணக்கு. எதிரே என்ன வருகிறது என்றும் சரியாக தெரியாது. சக்கரம் கோணலாக தரையை தொட்டால் ஹேண்டில் பார் இரண்டு பக்கமும் வெடவெடவென்று ஆடி, ஆளை தூக்கி வீசி விடும்.

வண்டிக்கும் கேடுதான். கோன் செட், போர்க் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், செயின் என்று வரிசையாக செலவு வைக்கும். அதிக நேரம் தூக்கியே ஓட்டினால் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி, பம்பு வெறும் காற்றை உறிஞ்சி, என்ஜினே சீஸ் ஆகி விடலாம். தவணை முடியும் முன்பே வண்டி ஷெட்டில்!

331 கிலோ மீட்டர் சாதனை

ஜப்பானை சேர்ந்த யசுயுகி குடோ 1991-ம் ஆண்டு மே 5-ந் தேதி 331 கிலோ மீட்டர் தூரம் பின் சக்கரத்திலேயே ஓட்டி கின்னஸ் சாதனை படைத்தார். அவர் ஓட்டியது 216 சி.சி. ஹோண்டா பைக். ஓட்டிய இடம் சுகுபா நகரில் உள்ள வாகன ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை ஓடுதளம். பொது ரோடு அல்ல!

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கும் பைக் வேகம் ஒன்றும் புதுசு இல்லை. கும்மிடிப்பூண்டி போகும் வழியிலேயே இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களை பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தது ஒரு காலம். பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோ மீட்டர் ஓடுதளம் வந்தது. பந்தயமும் அங்கே போய்விட்டது.

நஷ்டம் இந்த பக்கத்து பையன்களுக்குத்தான். வேகம் பழக அவர்கள் கண்ணுக்கு தெரிவது சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும்தான். அதிலோ கண்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ராங் சைடில் வரும் டூவீலர்!

வாசனுக்கு நடந்தது

யூடியூபில் லட்சக்கணக்கான ரசிகர்களை வைத்திருந்த டி.டி.எப். வாசனுக்கு என்ன ஆச்சு? 2023 செப்டம்பர் 17-ந் தேதி சென்னையில் இருந்து மராட்டியம் நோக்கி கிளம்பியவர், காஞ்சீபுரத்தை அடுத்த தாமல் அருகே முன் சக்கரத்தை தூக்கினார். 1,340 சி.சி. சுசுகி ஹயபூசா பைக். எடை 260 கிலோவுக்கு மேல்! கட்டுப்பாட்டை இழந்த வண்டி குட்டிக்கரணம் போட, வாசன் தூக்கி வீசப்பட்டார். கை எலும்பு முறிந்தது. உயர்ந்த ரக ஹெல்மெட்டும் பாதுகாப்பு உடையும் இருந்ததால் உயிர் தப்பியது.

பாலுசெட்டி சத்திரம் போலீசார் 2 நாளில் கைது செய்தனர். சோழவரத்துக்கு போகும் வழியில் இருக்கும் அதே புழல் ஜெயிலில்தான் அடைக்கப்பட்டார். ஜாமீன் கேட்டு ஐகோர்ட்டுக்கு போனால், பைக்கை எரித்து விடலாம் என்கிற அளவுக்கு நீதிபதி கார்த்திகேயன் காட்டமாக பேசி, அக்டோபர் 5-ந் தேதி மனுவை தள்ளுபடி செய்தார். அடுத்த நாளே டிரைவிங் லைசென்சுக்கும் வேட்டு: 2033 அக்டோபர் 5 வரை, 10 வருஷத்துக்கு! ஜாமீன் கிடைத்தது நவம்பர் 1-ந் தேதிதான்.

அதற்கு முந்தைய வருஷம் அண்ணாசாலையில் சாகசம் காட்டிய ஐதராபாத் வாலிபருக்கு கிடைத்தது வேறு மாதிரி வைத்தியம். தேனாம்பேட்டை சிக்னலில் விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரி விபத்து வார்டில் உதவி வேலை பார்க்க வேண்டும் என்று ஐகோர்ட்டு நிபந்தனை போட்டது. கை கால் நசுங்கி வருகிறவர்களை தினம் பார்த்தால் ஆக்சிலேட்டர் தானாக குறையும் என்ற கணக்கு போலும்.

அப்பாவுக்கும் ஜெயில்

ஆபத்தாக ஓட்டினால், மோட்டார் வாகன சட்டம் 184-வது பிரிவின்படி முதல் தடவையே 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஓட்டியவன் 18 வயது நிரம்பாதவனாக இருந்தால் சங்கதி வீட்டுக்கே வருகிறது. 2019-ல் வந்த திருத்தப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்கு தெரியாமல் எடுத்து போய்விட்டான்" என்று அப்பா வாயால் சொன்னால் மட்டும் போதாது. அதை கோர்ட்டில் அவரேதான் நிரூபிக்க வேண்டும்.